சாணம் யாருக்குச் சொந்தம்? புராவிலிருந்து தேர்வாய் கண்டிகை வரை

இந்தியாவின் முதல் சாண எரிவாயுக் கலன் 1859-ல் பம்பாய் மாட்டுங்காவில், ஒரு தொழுநோயாளிகள் இல்லத்தில் அமைக்கப்பட்டது என்று இணையத்தில் எங்கே தேடினாலும் வரும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. இதில் இரண்டு தப்பு இருக்கிறது. அந்த இல்லமே 1890-ல்தான் ஆரம்பமானது. பம்பாய் மாநகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் எடுத்த முயற்சி அது. இல்லாத இல்லத்தில் கலன் எப்படி வந்திருக்கும்? கலன் வந்தது 1897-ல். இரண்டாவது தப்பு, அதில் சாணமே கிடையாது. இல்லத்தில் இருந்தவர்களின் மலக்கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தில் செப்டிக் டேங்க் வாயுவை வைத்துத் தெருவிளக்கு எரித்திருந்தார்கள். அதே வழியில் வந்ததுதான் இதுவும்.

தேதியைத் திருத்துவதோடு இந்த விஷயம் முடிந்துவிடவில்லை. நம் நாட்டில் முதலில் வந்தது வீட்டுக் கலன் இல்லை, பொதுக் கலன். நிறைய பேர் ஒரே இடத்தில் இருந்தார்கள், ஒரே நிர்வாகம், மூலப்பொருளுக்குச் சொந்தம் கொண்டாட ஆளே இல்லை. கழிப்பறையில் விழுந்ததை "என்னுடையது" என்று யாரும் கேட்கப் போவதில்லை. சாணம் அப்படி இல்லை. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இந்த ஒரு வித்தியாசம்தான் அடுத்த நூறு வருஷக் கதையை ஆட்டி வைத்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஊர்ப் பொதுவில் ஒரு பயோகேஸ் திட்டம் போடலாமா என்று தெரிந்தவர்கள் ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தார்கள். டைஜெஸ்டர் எவ்வளவு பெரிசு, செலவு என்ன ஆகும், மானியம் கிடைக்குமா, இதுதான் அவர்கள் கேள்வி. அதற்கெல்லாம் பதில் கையேடுகளிலேயே இருக்கிறது. நான் தேடிப் போனது வேற: இதற்கு முன்னால் ஊர்ப் பொதுவில் செய்து பார்த்தவர்களுக்கு என்ன ஆனது?

முதலில் வீட்டுக் கலன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களின் கடைசியில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். 1951-ல் ஜஷ்பாய் படேல் "கிராமலட்சுமி" என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், அடுப்பைத் திறந்தால் இறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்று டிரம்மின் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீட்டர் தேவையில்லாத இந்த அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணையம் இதை எடுத்துக்கொண்டது. கஷ்டம் என்னவென்றால் இரும்பு துருப்பிடிக்கும், விலையும் அதிகம். 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் எல்லார் கண்ணும் சாணத்தின் மேல் விழுந்தது. சீனாக்காரர்கள் டிரம்மே இல்லாமல் மண்ணுக்கடியில் கூரை போட்ட கலன்களை லட்சக்கணக்கில் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து 1978-ல் உத்தரப் பிரதேசத்தில் "ஜனதா" மாடல் வந்தது, 1984-ல் அதைவிட மலிவான "தீனபந்து" வந்தது. நடுவில் 1981-82-ல் மத்திய அரசின் தேசியத் திட்டம், மானியம், இலக்கு எல்லாம் ஆரம்பமாகிவிட்டன.

இந்தக் கணக்கில் மாடு இல்லாதவர்கள் எங்கே? ரெண்டு கன மீட்டர் கலன் ஒரு குடும்பத்துக்குச் சமைக்கப் போதும். அதற்குத் தினம் 50 கிலோ சாணம் வேணும். கட்டிப் போட்டு வளர்க்கிற மாடு என்றால் நாலைந்து இருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பவர்கள் ஊரில் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மானியம் அவர்களுக்குப் போனது. அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. மேய்ச்சல் வெளியிலும் ரோட்டிலும் விழுகிற சாணத்தைக் கூடையில் வாரி வந்து வறட்டி தட்டி எரிப்பதும் விற்பதும் மாடில்லாத வீட்டுப் பெண்கள். நம்ம பக்கம் எருமுட்டை என்றும் சொல்வோம். சாணத்துக்கு மதிப்பு வந்த அன்றைக்கு அது இலவசமாகக் கிடைப்பது நின்றுவிடும். ஒரு வீட்டில் புகையில்லாத அடுப்பு எரிவதற்காக இன்னொரு வீட்டில் அடுப்பே எரியாமல் போகலாம். 1970-களிலேயே இதை எழுதிக் காட்டியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் "வீட்டுக்கு ஒன்று வேண்டாம், ஊருக்கு ஒன்று கட்டுவோம்" என்ற யோசனை வந்தது.

அந்த யோசனையைப் பலமாகப் பிடித்துக்கொண்டவர் அமுல்ய ரெட்டி. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்வேதியியல் பேராசிரியர். 1974-ல் அங்கே "அஸ்த்ரா" என்ற பெயரில் கிராமத் தொழில்நுட்பத்துக்காக ஒரு குழுவை ஆரம்பித்தார். அதே வருஷம் சகாக்களோடு சேர்ந்து எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் பயோகேஸ் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதினார். அந்தக் காலகட்டத்தில் அவர் போட்ட ஒரு ஒப்பீட்டை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். வருஷத்துக்கு 2.3 லட்சம் டன் நைட்ரஜன் உரம் வேண்டும். அதற்கு ஒரே ஒரு பெரிய உரத் தொழிற்சாலை கட்டலாம், இல்லையென்றால் 26,150 கிராமப் பயோகேஸ் கலன்கள் கட்டலாம். தொழிற்சாலையில் 1,000 பேருக்கு வேலை, கலன்களில் 1,30,750 பேருக்கு. தொழிற்சாலை எரிசக்தியைத் தின்னும், கலன்கள் எரிசக்தியைக் கொடுக்கும்.

இதைப் படிக்கிறபோது எனக்கு மணலிதான் ஞாபகம் வந்தது. மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலை 1971-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ரெட்டி சொன்ன "ஒரே ஒரு பெரிய ஆலை" வகையறா. நாப்தாவில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆலை 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயு கப்பலில் திரவமாக வந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. இப்போது மணலி சென்னையோடு சேர்ந்துவிட்டது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே போகிற அந்தப் பட்டையில் ரெட்டியின் ஒப்பீட்டில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று ரயில் ஜன்னலில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் போட்ட கணக்கு ஊருக்குள் போனபோது என்ன ஆனது? உத்தரப் பிரதேசம் எடாவா மாவட்டத்தில் ஃபதே சிங் கா பூர்வா என்று ஒரு சின்ன ஊர், முப்பதுக்கும் குறைவான வீடுகள். 1970-களின் கடைசியில் யூனிசெஃப் உதவியோடு மாநிலத் திட்ட ஆராய்ச்சிப் பிரிவு அங்கே பொதுக் கலன் கட்டியது. சமையலுக்குக் குழாயில் வாயு, கூடவே விளக்கு, மாவு மில் என்று எல்லாவற்றையும் ஒரே கலனில் ஓட்டுகிற ஆசை. பத்திரிகைகளும் கொண்டாடின. கொஞ்ச நாளில் சாணம் குறைய ஆரம்பித்தது. சாணம் குறைந்தால் வாயு குறையும், வாயு குறிப்பிட்ட நேரம்தான் வரும், வயலிலிருந்து திரும்பி வந்து சமைக்கிற நேரத்தில் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாத வீட்டுக்காரர் எதற்காகச் சாணம் கொடுக்க வேண்டும்? இன்னும் குறையும். எங்கள் மென்பொருள் வேலையில் இதை நெகட்டிவ் என்பதா பாசிட்டிவ் ஃபீட்பேக் என்பதா என்று வகுப்பே எடுக்கலாம். ஊரில் அதற்குப் பெயர், "நீ போடலை, நான் ஏன் போடணும்?"

அதே குழியில் ரெட்டியும் விழுந்தார். அங்கிருந்து எழுந்து வந்ததுதான் அவருடைய கதையின் முக்கியமான பகுதி.

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் குணிகல் தாலுக்காவில் புரா என்று ஒரு ஊர். சுமார் 80 வீடுகள், 500-க்குக் கொஞ்சம் குறைவான ஜனங்கள், 250 மாடுகள் போல. அஸ்த்ரா குழு 1970-களின் பின்பாதியில் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு விறகு எரிக்கிறார்கள், யார் தண்ணி சுமக்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்றெல்லாம் அளந்தது. பிறகு 1980-களின் ஆரம்பத்தில் பொதுக் கலன் வைத்து வீடுகளுக்குச் சமையல் வாயு கொடுத்துப் பார்த்தார்கள். தோல்வி. ரெண்டு வேளைச் சமையலுக்கு வாயு போதவில்லை. ஒரு வேளை வாயு, ஒரு வேளை விறகு என்றால் விறகு பொறுக்கப் போகிற வேலை மிச்சமாகவில்லையே? சாணம் வருவது நின்றது.

ஏன் போதவில்லை என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆளுக்குச் சமைக்கத் தினம் கால் கன மீட்டர் வாயு. 480 பேருக்கு 120 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிலோ சாணம் என்று வைத்தால் தினம் 3,000 கிலோ. 250 மாடு, தலைக்கு 10 கிலோ போட்டாலும் 2,500 கிலோதான். அதிலும் பகலெல்லாம் மேயப் போகிற மாடு பாதிச் சாணத்தை வெளியில்தான் போடும். தொழுவத்தில் கிடைப்பது 1,250 கிலோ. புராவில் கலன்களுக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதில் வந்த வாயு நாளுக்குச் சுமார் 42 கன மீட்டர். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. எத்தனை நல்ல டைஜெஸ்டர் கட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

குழுவினர் அதற்கப்புறம்தான் ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள், உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று. பதில்: தண்ணி. விறகைக் காசு கொடுத்து வாங்கவில்லை, பொறுக்கிக்கொள்கிறோம். குடிக்கிற தண்ணிதான் திறந்த குளத்திலிருந்து வருகிறது.

திட்டம் தலைகீழாக மாறியது. சமையலை விட்டார்கள். அதே கலன், அதே வாயு, ஆனால் ஒரு சின்ன டீசல் என்ஜினில் டீசலோடு சேர்த்து எரித்து 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை ஓட்டினார்கள். 1987 செப்டம்பரில் வீடுகளில் டியூப்லைட் எரிந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறித் தெருக்குழாயில் வந்தது. வாயுக் கணக்கும் இப்போது சரியாக வந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கன மீட்டர் வாயு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 20 வாட் டியூப்லைட் நூறு, சாயங்காலம் நாலு மணி நேரம் என்றால் 8 யூனிட், 6 கன மீட்டர். பம்புக்கும் கொடுத்துவிட்டு மிச்சம் இருக்கும்.

ஆனால் புராவின் நிஜமான கண்டுபிடிப்பு என்ஜின் இல்லை, தராசு. யார் சாணம் கொண்டுவந்தாலும் நிறுத்து எழுதிக்கொள்வார்கள். கிலோவுக்கு 2 பைசா. 1,250 கிலோ என்றால் ஊர் முழுவதுக்கும் சேர்த்துத் தினம் 25 ரூபாய். இன்றைக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் கொண்டுவருகிற பெண்கள் கையில் போனது. வாயு எடுத்தபிறகு மிஞ்சும் ஸ்லரி, அதாவது எரு, கொடுத்த சாணத்தின் அளவுக்கு ஏற்றபடி மாட்டுக்காரருக்கே திரும்பிப் போகும். சாணத்தை இரவல் வாங்கி வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்பதுதான் ஒப்பந்தம். மாட்டுக்காரருக்கு எருவில் நஷ்டம் இல்லை, சுமந்தவளுக்குக் கூலி உண்டு. மாடே இல்லாதவர் மாதக் கட்டணம் கட்டி விளக்கு வைத்துக்கொள்ளலாம், தெருக்குழாயில் தண்ணி பிடித்துக்கொள்ளலாம். கலனை ஓட்டியது ஊர்ப் பையன்கள் ரெண்டு பேர், மேற்பார்வை ஊர்ச் சபை.

பொது மேய்ச்சல் நிலத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதியது உலகப் புகழ் பெற்றது. ரெட்டி அதற்குப் பதிலாகப் புராவைக் காட்டினார். இங்கே ஒருவர் சாணத்தை நிறுத்திக்கொண்டால் அவர் வீட்டு விளக்கும்தான் அணையும், அவர் வீட்டுக் குடமும்தான் காலியாக இருக்கும். ஃபதே சிங் கா பூர்வாவில் ஒருவரை ஒருவர் இழுத்துக் கீழே தள்ளிய அதே சுழல் இங்கே தாங்கிப் பிடித்தது.

பத்து வருஷம் போல ஓடியது. 1990-களின் பின்பாதியில் நின்றுவிட்டது. ரெட்டியே 2004-ல் புராவின் பாடங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார், இரண்டு வருஷத்தில் காலமானார். நின்றதால் திட்டம் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊர்களில் பஞ்சாயத்து போட்ட எத்தனை மோட்டார்கள் பத்து வருஷம் தாங்கியிருக்கின்றன? அதே சமயம் புராவை ரொம்பக் கொண்டாடவும் தயக்கமாக இருக்கிறது. சமையலறைப் புகை அப்படியே இருந்தது. அஸ்த்ராவின் புகை குறைந்த விறகடுப்பு தனியாக வந்ததே தவிர, கேஸ் அடுப்பு கிடைக்கவில்லை. திட்டம் தொடங்கிய இடமே அந்தப் புகைதான்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். மேலே போட்ட கணக்கு முழுக்க ஒரு விஷயத்தை ஊகித்துக்கொள்கிறது: ஊரில் மாடு இருக்கிறது. மாடு இருக்க மேய்ச்சல் இருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி தாலுக்காவில் தேர்வாய் கண்டிகை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டி ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் புழங்கி வந்த அரசு நிலம் 1,100 ஏக்கருக்கும் மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. அந்தக் காடும் மேடும்தான் எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் வரத்து, எங்கள் ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் என்று மக்கள் போராடினார்கள். 2009-ல் மிஷலின் டயர் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. 2012-ல் ஊர்ச் சங்கமும் சில பிரெஞ்சு அமைப்புகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் பிரான்ஸிலேயே புகார் கொடுத்தன. ஆலை வந்தது. 2020-ல் அதே ஊரை ஒட்டி, சென்னைக்குக் குடிநீர் தர கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது.

தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. பயோகேஸ் திட்டம் போடுபவர் கண்ணோட்டத்தில் மட்டும் பார்க்கிறேன். மேய்க்கால் புறம்போக்கு போனால் முதலில் மாட்டை விற்பது ரெண்டு மாடு வைத்திருக்கிறவர். சொந்த நிலமும் வைக்கோலும் இருப்பவர் கட்டிப் போட்டு வளர்ப்பார். அப்படி ஆகும்போது ஊரின் மொத்தச் சாணம் நாலைந்து கொட்டகைக்குள் குவியும். பொதுக் கலன் என்று பெயர்ப் பலகை வைத்தாலும் அது அந்த நாலைந்து பேர் தயவில் ஓடும் கலன்தான். தராசு வைத்துக் காசு கொடுத்தாலும் காசு யாருக்குப் போகும் என்று யோசியுங்கள். புராவில் வேலை செய்த சூத்திரம், மாடு பரவலாக இருந்த ஊருக்கான சூத்திரம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இங்கே கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கரண்ட் இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் சிலிண்டரும் இருக்கிறது. ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடாகச் சுமார் 32 கன மீட்டர் பயோகேஸ் வேண்டும். அதாவது 800 கிலோ சாணம், ஏறக்குறைய அதே அளவு தண்ணீர், அதைச் சுமந்து கரைக்க ஆள். கம்பெனி வேனில் ஏறி ஷிஃப்டுக்குப் போகிற பெண்ணிடம் காலையில் சாணம் கரைக்கச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. 2018-ல் வந்த கோபர்தன், சடாத் மாதிரியான மத்திய அரசுத் திட்டங்கள் பெரிய அளவுக்குப் போய்விட்டன. சடாத்தில் வாயுவைச் சுத்திகரித்து அழுத்தி வண்டிகளுக்கு விற்பதுதான் நோக்கம். அதற்குத் தினமும் டன் கணக்கில் கழிவு வேண்டும்.

அப்படியென்றால் இந்தப் பக்கம் ஊர்த் திட்டமே போட முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் வேறு மாதிரி. ஊர் முழுக்கக் குழாய் இழுக்கிற ஆசையை முதலில் விட வேண்டும். ஒரே ஒரு பொதுச் சமையலறையைப் பிடிக்கலாம். பள்ளியின் காலை உணவு, சத்துணவுக் கூடம் மாதிரி. வாயு தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செலவாகும், எல்லா வீட்டுப் பிள்ளையும் சாப்பிடும். விளக்கும் தண்ணியும் புராவில் இருந்த இடத்தில் இங்கே சோறு இருக்கும். மூலப்பொருளுக்குச் சாணத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. புனேவில் ஆனந்த் கார்வேயின் குழு 2000-களில் சமையலறைக் கழிவிலேயே ஓடும் சின்னக் கலனைச் செய்து காட்டிவிட்டது. மாவுச்சத்து உள்ள மிச்சச் சோறு சாணத்தைவிடப் பல மடங்கு வாயு கொடுக்கும், காரணம் சாணம் என்பது மாடு ஏற்கெனவே ஒருமுறை செரித்த சரக்கு. சிப்காட் கேன்டீன்களில் தினமும் மிஞ்சுவது அந்தச் சோறுதான். மேய்ச்சல் நிலம் போன ஊருக்கு அந்த நிலத்தில் வந்த கேன்டீனின் மிச்சம் எரிவாயுவாகத் திரும்பி வருவதில் எனக்கு ஒரு கசப்பான நியாயம் தெரிகிறது. ஆனால் கேன்டீன் கழிவுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கான்ட்ராக்டர். பன்றி வளர்ப்பவர்களும் மாட்டுத் தீவனத்துக்கு எடுப்பவர்களும் எங்கேயும் நமக்கு முன்னாலேயே கேட்டிருப்பார்கள். வருஷக் கணக்கில் எழுத்து மூலமாக ஒப்பந்தம் இல்லாமல் அதை நம்பிக் கலன் கட்டினால் மறுபடியும் எடாவாதான்.

என்னைக் கேட்டவர்களுக்கு நான் எழுதி அனுப்பியது ரெண்டே வேலை. ஒன்று, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டை எடுத்து ஊரில் மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது. இன்னொன்று, ஒரு தொங்கு தராசை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஏழு நாள் தொடர்ந்து கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சாணத்தை நிறுப்பது. கோடையில் ஒரு வாரம், மழைக்காலத்தில் ஒரு வாரம். டைஜெஸ்டர் சைஸ் அதற்கப்புறம்.